விழித்திரைப் பரிசோதனையை மரபணு மதிப்பெண்ணிடம் ஒப்படைக்காதீர்கள்: நீரிழிவு சிகிச்சை நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நீரிழிவு உள்ள ஒருவர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும் என்று வரையறுத்து எழுதுபவர்கள் நீங்கள். எச்சிலிலோ ரத்தத்திலோ உள்ள மரபணுக்களைப் படித்து, நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்களின் ஆபத்தைக் கூட்டி ஒரு மதிப்பெண் போட்டு, குறைந்த மதிப்பெண் வந்தவர்களைச் சில ஆண்டுகளுக்குக் கண் பரிசோதனையிலிருந்து விடுவிக்கலாம் என்ற யோசனை இப்போது பேசப்படுகிறது. கூட்டம் தாங்காத பரிசோதனைத் திட்டங்களுக்கு இது பெரிய ஆறுதலாகத் தோன்றும். அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம். நீரிழிவால் வரும் விழித்திரை நோயில் மரபணுவுக்குப் பங்கு உண்டு. அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அறிவு இன்றைக்கே நோயாளிக்கு உதவக்கூடிய இடங்கள் வேறு. ரத்தச் சோதனை சர்க்கரையைத் தவறாகக் காட்டும் இடம் ஒன்று. நீரிழிவின் வகையையே நாம் தவறாக எழுதிவைத்திருக்கும் இடம் இன்னொன்று. நெறிமுறைகளில் இந்த இரண்டுக்கும் கிடைக்கும் இடம் மிகச் சிறிது.

முதலில், மரபணுவின் பங்கு பற்றி உறுதியாகத் தெரிந்தவை. 1982இல் லெஸ்லி, பைக் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஒருகரு இரட்டையர்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். இருவருக்குமே இரண்டாம் வகை நீரிழிவு இருந்த 37 இணைகளில் 35இல் விழித்திரைப் பாதிப்பு ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது. முதல் வகையில் 31 இணைகளில் 21. முதல் வகை நீரிழிவில் தீவிர இன்சுலின் சிகிச்சையை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்ட டிசிசிடி ஆய்வில் பங்கேற்றவர்களின் குடும்பங்களைப் பார்த்தபோது, விழித்திரை நோய் உள்ளவரின் நீரிழிவுற்ற உறவினருக்குக் கடும் பாதிப்பு இருக்கும் வாய்ப்பு மற்ற குடும்பங்களைவிட மூன்று மடங்காக இருந்தது. அமெரிக்காவின் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தில் முதல் வகை நீரிழிவுடன் 50 ஆண்டுகளைக் கடந்தவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு, நோய் முற்றி விழித்திரையில் புது ரத்தக்குழாய் வளரும் நிலை வரவே இல்லை. அவர்களுக்குள் யார் தப்பினார்கள், யார் மாட்டினார்கள் என்பதை, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தச் சோதனை பிரித்துக் காட்டவும் இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். டிசிசிடி தரவில் எச்பிஏ1சியும் நோயின் காலமும் சேர்ந்து, ஆளுக்கு ஆள் உள்ள ஆபத்து வேறுபாட்டில் 11 விழுக்காட்டை மட்டுமே விளக்கின. மீதி 89 விழுக்காடும் மரபணுதான் என்று சில விளம்பரங்கள் பேசுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அந்த மீதிக்குள் ரத்த அழுத்தம், சிறுநீரகம், கொழுப்பு, கர்ப்பம், ஒரே நாளில் சர்க்கரை ஏறி இறங்கும் விதம், எச்பிஏ1சியின் அளவீட்டுப் பிழை எல்லாம் அடங்கும். மரபுவழிப் பங்கைக் கணக்கிட்ட ஆய்வுகளிலும் எண்கள் சிதறித்தான் கிடக்கின்றன. அமெரிக்கப் பழங்குடியினரான பிமா மக்களிடையே 18 விழுக்காடு, அமெரிக்காவின் ஃபைண்ட்-ஐ குடும்ப ஆய்வில் 27, பின்லாந்தின் ஃபின்டயான் ஆய்வில் புதுக்குழாய் வளரும் நிலைக்கு மட்டும் 52. ஒருவருடைய நோயில் பாதி அவர் பெற்றோர் கொடுத்தது என்று இந்த 52ஐப் படிக்கக் கூடாது. அந்த மக்கள்தொகையில், அந்தச் சிகிச்சைச் சூழலில், ஆட்களுக்கு இடையே தெரிந்த வேறுபாட்டில் எவ்வளவு மரபுவழி வேறுபாட்டோடு ஒத்துப்போகிறது என்பதே அதன் பொருள். சிகிச்சை மாறினால் எண்ணும் மாறும்.

இதைவிட முக்கியமானது, இந்த மரபணுக்கள் எதுவும் சர்க்கரை இல்லாமல் வேலை செய்வதில்லை என்பது. அதே டிசிசிடியில் தீவிர இன்சுலின் சிகிச்சை, விழித்திரை நோய் இன்னும் தொடங்காதவர்களில் அது தொடங்கும் வாய்ப்பை 76 விழுக்காடு குறைத்தது. ஏற்கெனவே தொடங்கியவர்களில் முற்றுவதை 54 விழுக்காடு குறைத்தது. யாருடைய மரபணுவையும் பார்க்காமல் கிடைத்த பலன் இது. ‘எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் கண் போய்விடும்’ என்று மனம் விட்டுவிடும் நோயாளிக்கு மரபணு அறிக்கை ஒன்றையும் கையில் கொடுத்தால், அவர் இன்சுலினை நிறுத்துவதற்கு ஒரு காரணம் கூடுதலாகக் கிடைக்கும். அவ்வளவுதான்.

மதிப்பெண் ஏன் இன்னும் உதவாது என்று பார்ப்போம். தேடல் தொடங்கிய காலத்தில், நோயின் வேதியியலில் பெயர் அடிபட்ட மரபணுக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார்கள்: ஆல்டோஸ் ரிடக்டேஸ், புது ரத்தக்குழாய் வளரத் தூண்டும் விஇஜிஎஃப், ஏசிஇ, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின். சில நூறு பேர், இருபதில் ஒன்று என்ற தளர்ந்த புள்ளியியல் வரம்பு, நோய் இல்லாதவர் என்று சேர்க்கப்பட்டவருக்கு நீரிழிவு வந்து நான்கைந்து ஆண்டுகூட ஆகியிராது. எரித்ரோபொயட்டின் கதை நல்ல பாடம். அந்த மரபணுவின் தொடக்கப் பகுதியில் உள்ள ஓர் எழுத்தின் ஒரு வடிவம், கடும் விழித்திரை நோயோடும் சிறுநீரகச் செயலிழப்போடும் சேர்ந்து வருவதாக 2008இல் வெளியானது. அந்த வடிவம் உள்ளவர்களின் கண்ணுக்குள் அந்தப் புரதம் பல மடங்கு அதிகமாக இருப்பதாகவும் காட்டினார்கள், பொருத்தமான விளக்கம். 2010இல் வேறொரு குழு இரண்டாம் வகை நீரிழிவில் பார்த்தபோது, ஆபத்தானதாகத் தெரிந்தது அதே இடத்தின் எதிர் வடிவம். இப்படிப்பட்ட ஓர் எழுத்தை வைத்து ஒரு சோதனைக்கூடம் ‘அதிக ஆபத்து’ என்று அச்சடித்தால், எந்த ஆய்வைப் பின்பற்றி என்று கேட்க நோயாளிக்கு வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது.

பிறகு மரபணுத்தொகை முழுவதையும் அலசும் ஆய்வுகள் வந்தன. அங்கே வரம்பு இரண்டு கோடியில் ஒன்று. அதைத் தாண்ட லட்சக்கணக்கானோர் வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவுக்கு 25 லட்சம் பேரைத் திரட்டி 2024இல் 611 மரபணு இடங்களைக் காட்டிவிட்டார்கள். விழித்திரை நோய்க்கோ ஜிஆர்பி2, என்விஎல் போன்று ஒற்றை ஒற்றையாகவே பெயர்கள் வந்தன. அவற்றிலும் பல, அடுத்த மக்கள்தொகையில் பார்த்தபோது நிற்கவில்லை. காரணம் மரபணுவில் இல்லை, நாம் நோயைப் பதிவுசெய்யும் விதத்தில் இருக்கிறது. ஒரு கோப்பில் ‘விழித்திரை நோய் உண்டு’ என்று இருந்தால் அது நுண்குழாய்ச் சுவரில் இரண்டு நுண்புடைப்புகளாகவும் இருக்கலாம், கண் முழுக்க ரத்தமாகவும் இருக்கலாம், கூர்மையான பார்வைக்கான விழித்திரை மையமாகிய மேக்குலாவின் வீக்கமாகவும் இருக்கலாம். புதுக்குழாய் வளர்வதும் மேக்குலாவில் நீர் கோப்பதும் ஒரே பாதையில் வருபவை அல்ல. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டால் உண்மையான தடயமும் கரைந்துபோகும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் எடுத்துக்கொண்டவை. விழித்திரை இன்று சுத்தமாக உள்ள 1000 பேரில் 20 பேருக்கு அடுத்த ஈராண்டில் பார்வையை அச்சுறுத்தும் நிலை வரும் என்று வையுங்கள். மதிப்பெண் பட்டியலில் மேலே இருக்கும் 100 பேருக்குச் சராசரியைப்போல் ஒன்றரை மடங்கு ஆபத்து என்று தாராளமாகவே கொடுப்போம். அந்த 100 பேரில் 3 பேருக்கு நோய் வரும். 97 பேர் வீணாகப் பயப்படுவார்கள். மீதி 17 பேர், மதிப்பெண் ‘பரவாயில்லை’ என்று சொன்ன 900 பேருக்குள் இருப்பார்கள். கண் பரிசோதனையிலிருந்து நீங்கள் விடுவிக்கப்போவது அவர்களைத்தான்.

மதிப்பெண்ணுக்குப் பதில் நம் கையில் இருப்பது விழித்திரைப் படம். ஒரு கண்ணுக்கு இரண்டு படம், 45 பாகையில், ஒன்று மேக்குலாவை நடுவில் வைத்து, மற்றது பார்வை நரம்பின் தட்டை நடுவில் வைத்து. இதற்கு ஆகும் நேரம் சில நிமிடங்கள். கண் பாப்பா சிறியதாக இருந்து படம் மங்கினால் அதை விரிக்கும் டிராபிகமைடு சொட்டு விட்டு இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். கண்புரையால் மங்கினால் படத்தை ‘இயல்பு’ என்று எழுதாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். (படம் தெளியாததை இயல்பு என்று குறிக்கும் பழக்கம், எந்த மரபணுவையும்விட அதிகக் கேடு செய்யும்.) நான்கு கால்பகுதிகளிலும் நிறைய ரத்தக்கசிவு, இரண்டில் சிரைகள் மணிகோத்ததுபோல் புடைத்தல், ஒன்றிலாவது விழித்திரைக்குள்ளேயே நெளிந்தோடும் தாறுமாறான நுண்குழாய்கள்: இந்த மூன்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் அது கடும் நிலை, ஓராண்டுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் புதுக்குழாய் வளரத் தொடங்கிவிடும். இவ்வளவு துல்லியமாக எதிர்காலத்தைச் சொல்லும் மரபணுச் சோதனை எதுவும் இந்த நோய்க்கு இல்லை. விஇஜிஎஃப்பைத் தடுக்கக் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து யாருக்கு வேலை செய்யும் என்று விஇஜிஎஃப் மரபணுவைப் பார்த்துச் சொல்வதற்கும் இதே பதில்தான்: ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை, மூன்று நான்கு ஊசிகளுக்குப் பிறகு எடுக்கும் ஓசிடி (விழித்திரையின் குறுக்குவெட்டு) படமே வழிகாட்டி.

மரபணு உண்மையிலேயே உதவும் முதல் இடத்துக்கு வருகிறோம். இதை நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம்.

எச்பிஏ1சி என்பது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்ற அளவு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற அனுமானத்தில்தான் அந்த எண்ணை நாம் படிக்கிறோம். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவரின் சிவப்பணு சீக்கிரமே அழிகிறது. சர்க்கரை ஒட்டுவதற்குக் கிடைக்கும் நாள்கள் குறைவு; ஆகவே ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் எச்பிஏ1சி குறைத்துக் காட்டும். உலகில் ஏறத்தாழ 40 கோடிப் பேருக்கு இந்தக் குறைபாடு உண்டு. மலேரியா பரவிய நிலப்பகுதிகளின் மக்களிடையே அதிகம். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண்களையே முழுமையாகத் தாக்கும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் பரவலாக உள்ள ஒரு வடிவம், அதைச் சுமக்கும் ஆண்களில் எச்பிஏ1சியை ஏறத்தாழ 0.8 புள்ளி குறைத்துக் காட்டுவதாக 2017இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது.

0.8 என்பது கேட்கச் சிறியது. சராசரி சர்க்கரையாக மாற்றிப் பாருங்கள். எச்பிஏ1சியை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் சராசரி கிடைக்கும். 6.8 என்றால் 148. உண்மையில் 7.6ஆக இருந்தால் 171. மருத்துவர் ‘கட்டுப்பாடு நன்று’ என்று எழுதி மருந்தை மாற்றாமல் அனுப்பிவிடுவார். விழித்திரையோ ஆண்டுக்கணக்கில் 171இல் ஊறிக்கொண்டிருக்கும். நோயைக் கண்டறிவதும் இதே எண்ணை வைத்துத்தான் என்றால், நீரிழிவு என்ற பெயரே அவருக்குத் தாமதமாகத்தான் வைக்கப்படும்.

இது வெறும் ஊகமாக இருந்த காலம் போய்விட்டது. 2024இல் அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மரபணுத் திட்டத்தை மையமாகக் கொண்டு வெளியான ஆய்வு விழித்திரை நோயோடு தொடர்புள்ள ஒன்பது மரபணு இடங்களைக் காட்டியது. அவற்றில் ஒன்று ஜி6பிடி. அதன் விளைவு முழுவதும் சர்க்கரை வழியாகவே விழித்திரைக்குப் போகிறது என்றும், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோரிடம் நடந்த அக்கார்டு ஆய்வில் ஒரே எச்பிஏ1சி உள்ளவர்களுக்குள் குறைபாடு உள்ளோருக்கே விழித்திரை நோய் அதிகம் வந்தது என்றும் காட்டினார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் விழித்திரை நோயில் 12 விழுக்காட்டை இந்த ஒரு காரணத்தின் கணக்கில் வைத்தார்கள். கண்ணைப் பலவீனமாக்கும் மரபணுவைத் தேடிப் போனவர்கள், அளவுகோலைப் பிழையாக்கும் மரபணுவோடு திரும்பி வந்தார்கள். இந்தக் கண்டுபிடிப்புக்குப் புதிய மருந்து எதுவும் தேவையில்லை. நெறிமுறையில் நான்கு வரி போதும்.

அந்த வரிகள் இப்படி இருக்கலாம். எச்பிஏ1சி நன்றாக இருந்தும் விழித்திரையில் மாற்றம் முற்றிக்கொண்டே போனால், ‘இது மரபணு, என்ன செய்வது’ என்று விடாமல் முதலில் எச்பிஏ1சியைச் சந்தேகிக்க வேண்டும். 14 நாள் தொடர் சர்க்கரை அளவி அல்லது நாளின் வெவ்வேறு வேளைகளில் விரல் நுனிச் சோதனை செய்து, கிடைத்த சராசரியை மேலே சொன்ன சூத்திரத்தோடு ஒப்பிட வேண்டும். எச்பிஏ1சிக் கணக்கில் அரைப் புள்ளிக்கு மேல் இடைவெளி திரும்பத் திரும்ப வந்தால் ஜி6பிடி நொதி, ஹீமோகுளோபின் வகைப்பாடு, சிவப்பணு எண்ணிக்கை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். காரணம் தெரியும்வரை சிகிச்சையைச் சர்க்கரை எண்ணை வைத்தே நடத்த வேண்டும்.

இதிலும் தவறு நேரும் இடங்கள் உண்டு. சிவப்பணு வேகமாக உடையும் வேளையில் ஜி6பிடி சோதித்தால் முடிவு இயல்பாக வந்துவிடும். உடைந்துபோனவை நொதி குறைந்த பழைய அணுக்கள். எஞ்சி நிற்கும் இளம் அணுக்களில் நொதி அதிகம். ரத்தம் ஏற்றிய பிறகும் இதே ஏமாற்றம். மூன்று மாதம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். ஒரு நகல் மட்டும் பாதிக்கப்பட்ட பெண்களில் நொதி அளவு இயல்பிலிருந்து குறைவுவரை எங்கு வேண்டுமானாலும் நிற்கும். அங்கே மரபணுச் சோதனையே தெளிவு தரும். ரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும் ஃபுருக்டோசமின் சோதனை ஒரு மாற்று; ஆனால் சிறுநீரில் புரதம் கொட்டுபவரிடம் அதுவும் குறைத்தே காட்டும். இரும்புச் சத்துக் குறைவு எச்பிஏ1சியை மேலே தள்ளும். சிறுநீரக நோய்க்கு எரித்ரோபொயட்டின் ஊசி போடுபவரிடம் கீழே இறங்கும். இரண்டும் ஒருவரிடமே இருந்தால் அந்த எண்ணை ஓரமாக வைத்துவிடுவதே நல்லது.

இரண்டாவது இடம், ஒரே ஒரு மரபணுவின் மாற்றத்தால் வரும் ஒற்றை மரபணு நீரிழிவு. ஜிசிகே மரபணுவில் மாற்றம் உள்ளவருக்குப் பிறந்ததிலிருந்தே வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 145 வரை நிற்கும், எச்பிஏ1சி 7.6ஐத் தாண்டுவது அரிது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் சராசரியாக 48 ஆண்டுகள் இந்தச் சர்க்கரையோடு வாழ்ந்தவர்களுக்கும் விழித்திரையில் லேசான மாற்றமே இருந்தது. லேசர் தேவைப்பட்டவர் ஒருவரும் இல்லை. கர்ப்ப காலம் தவிர இவர்களுக்கு மருந்தே பெரும்பாலும் வேண்டியதில்லை. மரபணு அறிக்கையை வைத்துக் கண் பரிசோதனையைத் தளர்த்த ஒரு நியாயமான இடம் உண்டென்றால் அது இதுதான். ஹெச்என்எஃப்1ஏ மரபணு மாற்றத்தால் வரும் நீரிழிவு அப்படியல்ல. கட்டுப்பாடு இல்லாவிட்டால் மற்ற நீரிழிவைப்போலவே கண்ணைத் தாக்கும். ஆனால் முதல் வகை என்று தவறாக எழுதப்பட்டு இன்சுலின் போடுபவர்களில் பலருக்குச் சல்ஃபோனைல்யூரியா மாத்திரையே நன்றாகக் கேட்கும்.

கண் மருத்துவரே முதலில் பிடிக்கக்கூடியவை இரண்டு. சிறுவயதிலேயே நீரிழிவு, விழித்திரையில் ரத்தமோ கசிவோ இல்லை, ஆனால் பார்வை இறங்கிக்கொண்டே போகிறது, பார்வை நரம்பின் தட்டு வெளிறியிருக்கிறது என்றால் அது வோல்ஃப்ரம் நோய்க்குறியாக இருக்கலாம். டபிள்யூஎஃப்எஸ்1 மரபணுவைப் பார்க்க வேண்டும். நீரிழிவு சராசரியாக 6 வயதிலும் பார்வைக் குறைவு 11 வயதிலும் தெரியவரும். அடுத்தது தாய்வழி நீரிழிவும் காது கேளாமையும் சேர்ந்து வருவது. மைட்டோகாண்ட்ரியாவில் 3243ஆம் இடத்து மாற்றம் காரணம். மேக்குலாவைச் சுற்றி நிறமித் திட்டுகளும் தேய்வும் தெரியும். விழித்திரை தானே வெளிவிடும் ஒளியைப் பதிவுசெய்யும் தன்னொளிர்வுப் படத்தில் அவை துலக்கமாக வரும். இதை நீரிழிவு மேக்குலா நோய் என்று எண்ணி ஊசி போட்டுக்கொண்டிருந்தால் பயன் இல்லை. லாக்டிக் அமிலம் சேரும் அபாயம் இருப்பதால் மெட்ஃபார்மினைத் தவிர்ப்பதே வழக்கம். ரத்தத்தில் இந்த மாற்றத்தின் விகிதம் வயது ஏற ஏறக் குறையும்; முதியவரின் ரத்தத்தில் ‘இல்லை’ என்று வந்தால் சிறுநீரில் கிடைக்கும் அணுக்களில் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

பொதுவான இரண்டாம் வகை நீரிழிவுக்கு மரபுவழி ஆபத்தைக் கேட்டறியச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பரிசோதனைப் படிவத்தில் ஒரு கேள்வி: ‘உங்கள் பெற்றோர், உடன்பிறந்தோரில் நீரிழிவால் கண்ணில் லேசர், ஊசி, அறுவை ஏதாவது செய்துகொண்டவர் உண்டா?’ ‘குடும்பத்தில் சர்க்கரை உண்டா’ என்ற கேள்வி இதற்கு மாற்றாகாது. அது வேறு ஆபத்தைக் கேட்கிறது. ‘உண்டு’ என்ற பதில் இடைவெளியைக் குறைக்கவோ, தவறவிட்டவரைத் தொலைபேசியில் அழைக்கவோ உதவட்டும். ‘இல்லை’ என்ற பதிலால் இடைவெளி நீளக் கூடாது. உடன்பிறந்தவர் கண்ணைக் காட்டவே இல்லை என்பதும் அந்த ‘இல்லை’க்குள் அடக்கம்.

ஆகவே உங்கள் அடுத்த திருத்தத்தில், இரண்டாம் வகைக்கு நோய் கண்ட நாளிலும் முதல் வகைக்கு ஐந்தாம் ஆண்டிலும் தொடங்கி ஆண்டுதோறும் என்ற அடிப்படை அப்படியே நிற்கட்டும். இடைவெளியை ஈராண்டாக நீட்டுவதானால் தெளிவான படத்தில் விழித்திரை சுத்தமாக இருப்பதும், நம்பத்தக்க சர்க்கரைக் கட்டுப்பாடும், ரத்த அழுத்தமும் மட்டுமே காரணங்களாக இருக்கட்டும். ‘நம்பத்தக்க’ என்ற சொல்லுக்குக் கீழே எச்பிஏ1சி ஏமாற்றும் நிலைகளைப் பட்டியலிடுங்கள். பல மரபணு மதிப்பெண்ணை வைத்து ஒருவருடைய பரிசோதனையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று வெளிப்படையாக எழுதுங்கள். மௌனமாக விட்டால் காப்பீட்டு நிறுவனங்கள் தாங்களே ஒரு பொருள் கொடுத்துக்கொள்ளும்.

ஆய்வுத் தரவு சேகரிக்கும் மையங்களுக்கு நீங்கள் எழுதும் படிவத்திலும் சில கட்டங்களைக் கூட்ட வேண்டும்: நீரிழிவு கண்ட ஆண்டு, இரு கண்ணுக்கும் தனித்தனியே நோயின் படிநிலை, மேக்குலா வீக்கம் தனிக் கட்டத்தில், தரம் பிரித்தது படத்தைப் பார்த்தா, நோயாளி சொன்னதைக் கேட்டா என்பது, லேசர் செய்த தேதி, எச்பிஏ1சியோடு அதே வாரத்துச் சர்க்கரை எண். நோய் இல்லாதவர் என்று ஒருவரைக் குறிக்க நீரிழிவு வந்து 15 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும், அவருடைய அண்மைப் படமும் கோப்பில் இருக்க வேண்டும். இந்தக் கட்டங்கள் நிரம்பிய கோப்புகள் போதிய அளவு சேர்ந்த பிறகு மதிப்பெண்ணைப் பற்றி மறுபடி பேசலாம்; அப்போது அதைச் சோதித்துப் பார்க்க நாங்களும் கூட வருகிறோம்.

இப்படிக்கு,
விழித்திரை மருத்துவத்திலும் மருத்துவ மரபியலிலும் பணிபுரிவோர்